தொட்டாற்சிணுங்கியும் மகனின் கேள்வியும்: கைபேசியை எப்போது எடுப்பது?

கேள்வி: என் ஒன்பது வயது மகன், தொட்டியில் வளரும் தொட்டாற்சிணுங்கியைக் காட்டி, ‘யாரும் தொடாமலே மாலையில் ஏன் இலையை மூடிக்கொள்கிறது?’ என்று கேட்டான். கைபேசியில் ஒரு காணொளியைத் தேடிக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு விளையாட்டுச் செயலிக்குப் போய்விட்டான். அவனுக்கு ஆராய்ந்து கற்கும் பழக்கத்தை எப்படி ஏற்படுத்துவது? கைபேசியையே தவிர்த்துவிட வேண்டுமா?

பதில்: தவிர்க்க வேண்டியதில்லை, நீங்கள் அதைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். கேள்வி பிறந்த மறுகணமே விடை கைக்கு வந்துவிட்டால், கேட்டவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. முதலில் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டு, அவன் சொல்வதைத் தேதியிட்டு அவன் கையாலேயே எழுத வையுங்கள். பெரும்பாலும் ‘இருட்டிவிடுவதால்’ என்றுதான் எழுதுவான். அது முழு விடையன்று என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் திருத்தாதீர்கள். பெற்றோருக்கு இதுதான் கடினம்.

இப்போது கைபேசியை எடுக்கலாம், ஆனால் தேடுவதற்காக அன்று. அதை அசையாமல் நிறுத்தி, மாலை 5 மணி முதல் 8 மணி வரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி டைம்லாப்ஸ் வசதியை அமைத்தால் 180 படங்கள் கிடைக்கும்; நொடிக்கு 15 படம் வீதம் ஓட்டினால், மூன்று மணி நேரத்து அசைவு 12 நொடிகளில் கண்முன் நிகழும். மறுநாள் பகலில் ஓர் இலையின் நுனியை மெல்லத் தொட்டு ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். தொட்ட இடத்திலிருந்து சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக, அலை ஓடுவதுபோல் மடிவது தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, வேறுபாட்டை அவனே கண்டுபிடிக்க விடுங்கள். இருட்டிய பின் படம் எடுக்க விளக்கு வேண்டுமே, அந்த விளக்கே செடியின் போக்கை மாற்றிவிடாதா என்று அவன் கேட்டானானால், பாதி வேலை முடிந்தது என்று நான் சொல்வேன்.

அடுத்து, அவன் எழுதிய ஊகத்தைச் சோதிக்க வேண்டும். இலைகள் மூடிய பிறகு செடியின் மேல் ஒளி புகாத அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் காலை 8 மணிக்குச் சட்டென்று தூக்கிப் பாருங்கள். இருட்டிலேயே இருந்தும் இலைகள் பெரும்பாலும் விரிந்திருக்கும். அவன் வியந்து நிற்கும் அந்த நேரத்தில்தான், 1729-இல் ழான்-ழாக் டோர்டூ டி மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளரும் இதையே செய்து பார்த்தார் என்ற செய்தியைச் சொல்ல வேண்டும்; முன்பே சொன்னால் அது வெறும் பொது அறிவாகிவிடும்.

‘வெளிச்சமே இல்லாமல் விடிந்தது எப்படித் தெரிந்தது?’ என்ற புதிய கேள்வி எழுந்த பிறகு இணையத்தில் தேடச் சொல்லுங்கள். உயிரினங்களுக்கு உள்ளேயே இருந்து பகலிரவை உணர்த்தும் உயிரியல் கடிகாரம் என்ற சொல்லும், பழ ஈக்களில் அதன் இயக்கத்தை ஆராய்ந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததும், இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பில் நீர் இடம்பெயர்வதால் இலை மடிவதும் அப்போது அவனுக்குப் பொருள்படும். சில நாள் காத்திருந்து தேடும் பிள்ளை, காணொளியைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது அரிது.

செடி, பூச்சி ஆகியவற்றின் பெயரறியச் செயலி வேண்டுமென்றால், கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தக்கூடிய ‘சீக்’ போதும். அதுவும் தவறக்கூடும் என்பதால், அது சொல்லும் பெயருக்கு இலையமைப்பு, பூ நிறம் என இரண்டு சான்றாவது அவன் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தூக்கும்போது இலைகள் மூடியிருந்தால் சோதனை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். பெட்டி இலையில் உரசியிருக்கலாம். அரைமணி நேரம் விட்டுப் பார்த்துவிட்டு, நடந்ததை அப்படியே குறித்துக்கொண்டு மறுநாள் மீண்டும் செய்யட்டும். இரண்டு நாளுக்கு மேல் மட்டும் செடியை இருட்டில் வைக்காதீர்கள்.