வாங்கிய கார்பசோல் மட்டும் ஏன் ஒளிர்கிறது?

அன்புள்ள அண்ணாச்சி,

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். கடையில் வாங்கிய கார்பசோல் என்ற கரிமச் சேர்மத்தில் வளர்த்த படிகம், யுவி விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிர்கிறது. நாங்களே லேபில் தயாரித்த கார்பசோலில் அது இல்லை. அசுத்தம் ஒளியைக் கெடுக்கும் என்றுதானே படித்தோம்? அப்படியானால் எங்கள் தயாரிப்பு மோசமா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

பெரும்பாலும் தலைகீழ். உங்களுடையதுதான் சுத்தம்.

கடைக் கார்பசோல் பெரும்பாலும் நிலக்கரித் தாரிலிருந்து வருவது. அதில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக ஒரு ஐசோமர் (அதே அணுக்கள் வேறு அமைப்பில் சேர்ந்த மூலக்கூறு) ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2021இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் காட்டியது. லேபில் தயாரித்த கார்பசோலில் அந்த நீண்ட ஒளிர்வு கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று, ஃப்ளூரசன்ஸும் (விளக்கு எரியும்போதே வரும் ஒளிர்வு) 54 நானோமீட்டர் நீலப்பக்கம் நகர்ந்தது. அத்தனை வருடம் கார்பசோலின் குணம் என்று எல்லோரும் நினைத்திருந்தது ஐசோமரின் வேலை! ஒரே மூலக்கூறு எடை என்பதால் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் அது தனியாகத் தெரியாது, மறுபடிகமாக்கினாலும் கூடவே வரும்.

இவ்வளவு கொஞ்சம் எப்படி இவ்வளவு செய்யும் என்று கேட்பீர்கள். படிகத்தில் எக்சிட்டான், அதாவது ஒளி பட்டு ஏறிய ஆற்றல் பொதி, ஓரிடத்தில் நிற்பதில்லை, மூலக்கூறு மூலக்கூறாகத் தாவுகிறது, வழியில் ஆற்றல் மட்டம் தாழ்ந்த ஒன்று இருந்தால் அங்கே விழுந்துவிடும். நம்மூர் வயல் வரப்பில் ஒரு நண்டு வளை போதுமே, பாத்தித் தண்ணீர் முழுக்க வடிய. ஆந்த்ரசீனில் துளி டெட்ரசீன் கலந்தாலே ஊதாநீலம் பச்சைமஞ்சளாக மாறுவது இப்படித்தான்.

விழுந்த இடம் ஒளியை விழுங்குமா, வேறு நிறத்தில் உமிழுமா என்பது அந்த அசுத்தத்தைப் பொறுத்தது. நீலமாக ஒளிரும் பாலிஃப்ளூரீன் என்ற பாலிமர் ஆக்சிஜன் பட்டு ஃப்ளூரெனோன் ஆகும்போது நீலம் பச்சையாகிறது, அது தொல்லை. கோடக் நிறுவனத்தில் டாங் என்பவரின் குழு 1989இல் ஓஎல்இடியில் (கரிமப் பொருளால் ஆன எல்இடி) வேண்டுமென்றே சாயம் கலந்து நிறத்தை மாற்றியது, அது தொழில்நுட்பம். ஆகவே பாட்டிலில் 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வைத்து ஒளியைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள், மீதி ஒன்றில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் இரண்டையும் ஹெச்பிஎல்சியில் (கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஓட்டுங்கள். முடிந்தால் அந்த ஐசோமரை 0.1 சதவீதம் உங்கள் கார்பசோலில் கலந்து படிகம் வளர்த்துப் பாருங்கள், ஒளிர்வு திரும்பினால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம், புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பாட்டிலின் பேட்ச் எண்ணை மறக்காமல் எழுதுங்கள். பேட்சுக்குப் பேட்ச் இது மாறும்.