கடிக்கிற குழந்தையும் குற்றவியலும்

அன்புள்ள அக்கா,

சொந்த ஊர் துறையூர். பதினான்கு வருடமாக மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். மகள் இயர் 13, அதாவது பள்ளியின் கடைசி வருடம் படிக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு மூலமாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் மூன்று இடத்தில் ‘ஏர்லி சைல்டுஹுட் அண்ட் கிரிமினாலஜி’ என்று போட்டு வைத்திருக்கிறாள். மழலைப் பருவமும் குற்றவியலும் சேர்ந்த ஒரே பட்டம். “பால்வாடி டீச்சரா, போலீஸா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை” என்று என் மனைவி சண்டை போடுகிறாள். நான் பொறுமையாகக் கேட்டதற்கு, “ரெண்டும் ஒரே சப்ஜெக்ட்தான்பா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்கள் இங்கிலாந்தில் நர்சரியில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். இந்தச் சேர்க்கைக்கு அர்த்தம் உண்டா? வேலை கிடைக்குமா? ஊரில் கேட்டால் என்னவென்று சொல்வது?

எஸ்., மில்டன் கீன்ஸ்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஊரில் கேட்டால் “சோஷியல் சயின்ஸ்” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

மகள் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். கதவைச் சாத்தாமல் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் நர்சரி. என் பொறுப்பில் இருந்த குழந்தைகளில் ஒருவன் கடிப்பான். இரண்டரை வயது. விளையாட்டுக் கடி இல்லை. பல் பதிந்து, சுற்றிலும் சிவந்து, அரை மணி நேரம் போனாலும் தடம் மறையாது. ஒவ்வொரு கடிக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக மனித உருவம் கோட்டோவியமாக இருக்கும். கடிபட்ட இடத்தில் பெருக்கல் குறி போட்டு, நேரம் எழுதி, சாயங்காலம் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடித்தது யார் என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒரு நாள் ஒரு அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரும்போது, “இவன் யாரோ, கண்டிப்பாக ஜெயிலுக்குத்தான் போவான்” என்றார். அவர் மகனும் அதற்கு முந்தின மாதம் ஒரு பெண் குழந்தையைக் கடித்தவன்தான். அதையும் நான் சொல்லக் கூடாது.

அந்தப் பையன் எப்போது கடிப்பதை விட்டான் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவனுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. ‘என்னோடது’, ‘போ’, ‘வேணாம்’ ஆகிய மூன்றும் அவன் வாயில் நிலைத்த பிறகு என் படிவங்கள் குறைய ஆரம்பித்தன. நான் செய்த பெரிய சாதனை ஒன்றும் இல்லை. பொம்மை லாரியை அடுத்தவன் பிடுங்கும்போது பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சொல்லை அவனுக்கு முன்னால் நான் சொல்வேன். நாளைக்கு இருபது தடவை.

அந்த வேலையை விட்ட பிறகுதான் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற கனடா ஆய்வாளரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மாண்ட்ரியலில் பள்ளிப் பையன்களைப் பல வருடம் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். மனிதன் மிக அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் பதினெட்டு வயதில் அல்ல, இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் என்கிறார் அவர். அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு அது இறங்கிக்கொண்டே வரும். அப்படியானால் ஒருவன் அடிக்க எங்கே கற்றுக்கொண்டான் என்ற கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. அடிக்காமல் இருக்க மற்ற எல்லோரும் எப்படிக் கற்றுக்கொண்டார்கள், இவன் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? குற்றவியலில் இது பெரிய கேள்வி. நர்சரியில் இது காலை பத்து மணி. உங்கள் மகள் சொல்லும் “ஒரே சப்ஜெக்ட்” இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சேர்க்கையில் ஒரு வழுக்கல் உண்டு. அந்த அப்பா வழுக்கின அதே இடம். சிறையிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்ட குழந்தைப் பருவம் தென்படும். ஜான் பௌல்பி 1944-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு அப்படிப்பட்டது. லண்டனில் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசனை நிலையத்துக்கு வந்த 44 சிறு திருடர்களைப் பார்த்தார். அதில் 14 பேரைப் பாசமே அறியாதவர்கள் என்று வகைப்படுத்தினார். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் தாயைப் பிரிந்து நெடுநாள் இருந்தவர்கள். படித்தால் தூக்கிவாரிப் போடும். ஆனால் தாயைப் பிரிந்தும் திருடாத பிள்ளைகள் அந்த ஊரில் எத்தனை பேர்? அவர்கள் ஏன் டாக்டரிடம் வரப் போகிறார்கள்?

அதற்கு முன்னோக்கிப் பார்க்க வேண்டும். 1961-ல் தெற்கு லண்டனில் எட்டு வயதை ஒட்டிய 411 பையன்களை எடுத்துக்கொண்டு டொனால்ட் வெஸ்ட் ஒரு ஆய்வைத் தொடங்கினார், பின்னால் டேவிட் ஃபாரிங்டன் அதை ஐம்பது வயது வரை கொண்டுபோனார். அந்த 411 பேரில் ஐம்பது வயதுக்குள் ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்கள் 41 சதவீதம். எனக்கே நம்பச் சிரமமாக இருந்த எண் இது. பலர் ஒன்றிரண்டு வழக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். பதிவான குற்றங்களில் ஏறக்குறைய பாதியைச் செய்தவர்கள் வெறும் 7 சதவீதம் பேர். வறுமை, கவனிப்பாரற்ற வீடு, தண்டனை பெற்ற அப்பா, இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரச் சேர ஆபத்து ஏறியது, அது உண்மை. ஆனால் எல்லாம் சேர்ந்தும் கோர்ட் படி மிதிக்காதவர்களும் அதே தெருவில் இருந்தார்கள். மூன்று வயதில் ஒருவனைச் சுட்டி “இவன்தான்” என்று சொல்ல இந்த எண்களில் இடமில்லை. ஒரு துறையை மட்டும் படித்தவர்களுக்கு இது தட்டுப்படாமல் போகலாம். இரண்டையும் படித்தவள் தவற விட்டால் மன்னிப்பு கிடையாது.

சட்டத்தின் கதை இன்னும் விசித்திரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து வயதுக் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். நாய்க்குட்டி வாங்கப் போனால் பதினாறு ஆகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். 1993-ல் லிவர்பூல் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பத்து வயதுப் பையன்கள் இருவர் கொன்ற வழக்கு நினைவிருக்கும். பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தான் செய்வது பெரிய தவறு என்று தெரியாது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், தெரியும் என்று அரசு தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று அதுவரை ஒரு பழைய பாதுகாப்பு இருந்தது. 1998-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்து அந்தக் குறைந்தபட்ச வயதை எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றிவிட்டது. நம் இந்தியாவில் ஏழு, ஆனால் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் மகள் காலை வகுப்பில் பத்து வயது மூளை எவ்வளவு முதிர்ந்திருக்கும் என்று படிப்பாள், மதிய வகுப்பில் இந்தச் சட்டத்தைப் படிப்பாள். நடுவில் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்ன யோசிக்கிறாள் என்பதுதான் அந்தப் பட்டம்.

சின்ன வயதில் கை கொடுத்தால் பின்னால் குற்றம் குறையுமா என்று கேட்டால், இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது பெர்ரி என்ற பாலர் பள்ளியை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊர். 1962-ல் தொடங்கினார்கள். ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேர். பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு வயதில் தினமும் காலையில் வகுப்பு, வாரம் ஒரு முறை டீச்சர் வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்காருவார். நாற்பது வயதாகும்போது ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், அந்தப் பாலர் பள்ளிக்குப் போகாதவர்களில் 55 சதவீதம், போனவர்களில் 36. பெரிய வித்தியாசம்தான். மேடையில் பேசுகிறவர்கள் அந்த 36-ஐ வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அவ்வளவு நல்ல பள்ளிக்குப் போயும் மூன்றில் ஒருவருக்கு மேல்.

இதைவிட எனக்குப் பிடித்தது கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு. பிடித்தது என்பதைவிட, பயமுறுத்தியது என்று சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் 1939-ல் ஆரம்பித்தார்கள். 506 பையன்கள், பாதிப் பேருக்குச் சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் ஆலோசகர்கள் வீட்டுக்குப் போய் உதவினார்கள், பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்களுக்கு அது நன்மை செய்தது என்றார்கள். பதிவேடுகளைப் புரட்டினால் குற்றத்தில் அவர்கள் கொஞ்சமும் குறையவில்லை. குடி, மனநோய், அகால மரணம் என்று சிலவற்றில் உதவியே பெறாதவர்களைவிட மோசம். வம்புக்காரப் பையன்களை ஒரே முகாமில் சேர்த்துப் போட்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். ஒரு பையன் நன்றி சொல்வதும் அவனுக்கு நல்லது நடப்பதும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் மனைவியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மகள் போலீஸும் ஆகப் போவதில்லை, இந்தப் பட்டத்தால் மட்டும் டீச்சரும் ஆக முடியாது. டீச்சர் ஆக வேண்டுமானால் மேலே பயிற்சி வேண்டும், பெரும்பாலும் பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. சோஷியல் வொர்க்கர் ஆக அதற்கென்று அங்கீகரித்த படிப்பு தனி. சிறைக்கு வெளியே குற்றவாளிகளைக் கண்காணிக்கும் ப்ரொபேஷன் வேலைக்கும் அவர்களே தரும் பயிற்சி உண்டு. நேராகப் போகக்கூடியவை குடும்ப உதவிப் பணி, குழந்தைகள் இல்லங்கள், நகராட்சியின் இளைஞர் நீதிக் குழுக்கள், இந்த மாதிரி. சம்பளம் உங்கள் ஐடி சம்பளம் மாதிரி இருக்காது. நர்சரியில் இன்னும் குறைவு, குறைந்தபட்சக் கூலிக்குக் கொஞ்சம் மேலே. பால்வாடி டீச்சர் என்று இங்கே இளக்காரமாகச் சொல்கிறோம், அங்கே சொல்லாமல் சம்பளத்தில் காட்டுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டும் ஓப்பன் டேக்கு நீங்களும் கூடப் போனால் ஒன்று மட்டும் கேளுங்கள். பட்டத்துக்குள்ளேயே மதிப்பெண் போடும் களப்பயிற்சி இருக்கிறதா? தனி மழலைப் பருவப் பட்டத்தில் பெரும்பாலும் இருக்கும். இரண்டு பாடம் சேர்ந்ததில் இடம் போதாமல் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். அது இல்லாவிட்டால் மூன்று வருடம் படித்தும் நர்சரியில் தகுதி பெற்ற ஊழியர் கணக்கில் சேர்க்காமல் போகலாம். இரண்டு பாடம் எடுத்தால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும் என்பதும் உண்மை. குற்றவியலில் புள்ளிவிவரப் பாடம் விட்டுப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே சொன்ன 7 சதவீதத்தையும் 36 சதவீதத்தையும் சரியாகப் படிக்க அது வேண்டும்.

விண்ணப்பத்துக்கு ஜனவரி நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் வீட்டுப் பக்கத்தில் ஏதாவது நர்சரியில் ஒரு வாரம் போய் இருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு வயதுக்காரர்கள் அறையாகப் பார்த்து. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.