கம்பியைப் பிடித்து வட்டமாகச் சுற்றவிடும் கண்ட்ரோல் லைன் மாடல் விமானத்தின் எஞ்சின் தரையில் நன்றாக ஓடுகிறது, மேலே போனதும் நின்றுவிடுகிறது. எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வை எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

சுற்றுக் கணக்கு ஸ்டார்ட் பண்ணத்தான் உதவும். அதற்கு மேல் காதுதான். ‘தரையில் நன்றாக ஓடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நீங்களும் காலேஜில் என்.சி.சி. ஏர் விங்காகத்தான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

1996. சீனியர் அண்ணன் ஒருவர் என்னை நம்பித் தன் ஃபாக்ஸ் 35 எஞ்சினைக் கொடுத்திருந்தார். இரும்பு பிஸ்டன், அது ஏறி இறங்கும் ஸ்டீல் லைனர். எரிபொருளான மெத்தனாலில் நூற்றுக்கு இருபத்தெட்டு பங்கு விளக்கெண்ணெய் கலக்கச் சொன்னார். பல்லடம் பக்கம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில்தான் கலந்தேன். “தலைக்கு வெக்கற எண்ணெயப் பொம்மைக்கா ஊத்தற?” என்று அமுச்சி அரை பாட்டில்தான் கொடுத்தார். பதினைந்து பங்குகூட வந்திருக்காது. எண்ணெய் குறைந்தால் வேகம் கூடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சோளத்தட்டு அறுத்த மாமாவின் காடு. அறுபது அடி கம்பி. ஊசியை ஒவ்வொரு க்ளிக்காக உள்ளே திருகத் திருக, கடகட சத்தம் போய் வீலென்று ஒரே சத்தம். வேலியோரம் நின்ற பையன்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காக இன்னும் ஒரு க்ளிக் திருகினேன்.

நாலாவது சுற்றில் சத்தம் மெலிந்து பட்டென்று நின்றது. விமானம் எப்படியோ மிதந்து வந்து காட்டில் உட்கார்ந்தது. புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தால் அசையவில்லை. கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் பிரித்தோம். லைனர் முழுக்க மேலும் கீழுமாகக் கோடு. பட்டறைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, சத்தத்தக் கேட்டியே, பொகையப் பாத்தியா?” என்றார். அண்ணன் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் உறுத்தியிருக்காது.

நடந்தது இதுதான். விமானம் வேகம் எடுத்ததும் புரொப்பெல்லரின் சுமை குறைகிறது, சுற்று கூடுகிறது, எரிபொருள் அதிகம் வேண்டும். தரையில் உச்ச வேகத்துக்கு ஊசியை மூடிவிட்டால் மேலே எஞ்சின் லீன் ஆகிவிடும், அதாவது எரிபொருள் போதாமல் காய்ந்து சூடேறும். அதனால் உச்சம் எங்கே என்று பார்த்துவிட்டு, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கிற அந்தக் கரகரச் சத்தம் வரும்வரை ஊசியை வெளியே திருப்புங்கள். மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கினால் சத்தம் லேசாக ஏற வேண்டும், செத்துவிடக் கூடாது. எரிபொருள் ட்யூபை ஒரு கணம் கிள்ளினால் வேகம் கூடுகிறதா? ரிச்சாக, அதாவது எரிபொருள் தாராளமாக இருக்கிறது, பறக்க விடலாம். ஊசியைத் தொடும்போது புரொப்பெல்லருக்குப் பின்னால் நில்லுங்கள்.

இன்னொன்று. ஊசியைக் குறை சொல்லும் முன் டேங்கைப் பாருங்கள். வட்டத்தில் சுற்றும்போது எரிபொருள் வெளிப்பக்கச் சுவரில்தான் ஒட்டும். உள்ளே எரிபொருளை எடுக்கும் பிக்அப் குழாயின் முனை வெளிப்பக்கப் பின்மூலையில் இல்லையென்றால் எத்தனை க்ளிக் திருகினாலும் மேலே போய் நிற்கத்தான் செய்யும்.

ஏ.பி.சி. எஞ்சினுக்கு (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை லைனர்) இவ்வளவு எண்ணெய் எதற்கு, சிந்தெடிக் கலக்கலாமே என்று சிலர் வருவார்கள். சரிதான், நான் சொல்வது பழைய இரும்பு பிஸ்டனுக்கு. ஆனால் பைக்குக்கு ஊற்றும் சாதாரண 2டி ஆயிலை மட்டும் மெத்தனாலில் ஊற்றாதீர்கள். கலக்காது, தனியாகப் பிரிந்து நிற்கும்.

மெத்தனாலுக்கு லைசென்ஸ் வேண்டும். கல்லூரி வழியாக வாங்குங்கள். 2024 கள்ளக்குறிச்சி மெத்தனால் சாராயச் சாவுகளுக்கு அப்புறம் கடையில் கேட்டாலே ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அத்தனை உயிர் போன பிறகு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் வருத்தம் வேறு. அந்தக் காட்டில் இப்போது கலர் கல் நட்டு, ஆர்ச் வைத்து, மனை போட்டுவிட்டார்கள். விற்றது மாமாதான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் மட்டும், “இன்னும் அந்தப் பொம்மைய உடறியா மாப்ள?” என்று நாலு பேர் முன்னால் சிரிக்கிறார். எங்கே விடுவது?

சரி, டேங்கைப் பிரித்து ஒரு போட்டோ போடுங்கள். பிக்அப் குழாய் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.