ஃப்ரிட்ஜ் கதவில் ஏழாவது வரி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடலூர் புதுப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவி பி.எஸ்சி., பி.எட். ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருந்தார், மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார். மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. அம்மாவும் எங்களோடு இருக்கிறார். முட்டிவலி என்பதால் குழந்தை பின்னால் ஓட முடியாது.

பொங்கல் லீவில் இருவரும் உட்கார்ந்து இந்த ஆண்டுக்கான குடும்ப இலக்குகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். மனை வாங்க மாதம் பதினைந்தாயிரம் சேர்ப்பது, பாப்பாவுக்கு டயப்பரை நிறுத்துவது, போன் காட்டாமல் சாப்பிட வைப்பது, பாப்பாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, தினமும் அரை மணி நேரம் நடை, வாரம் ஒருமுறை மூவரும் வெளியே போவது, முடிந்தால் மனைவி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது. மொத்தம் ஏழு.

ஆடி பிறந்துவிட்டது. ஒன்றுகூட உருப்படியாக நடக்கவில்லை. இரண்டு மாதம் பணம் சேர்ந்தது. மூன்றாவது மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல், அப்புறம் மச்சான் கல்யாணம். குரூப் 4-க்கு இந்த முறை விண்ணப்பிக்கவே இல்லை. "இதைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது, எடுத்துவிடுங்கள்" என்கிறார் மனைவி. குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை இலக்கு என்று எதுவும் வைக்கக் கூடாதா? இல்லை, எங்களுக்குத்தான் ஒழுங்கு போதவில்லையா?

பி.கு: இரண்டாவதையும் இப்போதே பெற்றுவிட்டால் கஷ்டம் ஒரேயடியாக முடிந்துவிடும் என்கிறார் அம்மா. அதையும் பட்டியலில் சேர்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அந்தத் தாளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் மனைவி சொல்வது சரி. ஒழுங்கு போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. பட்டியல்தான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

டயப்பரை நிறுத்துவதும் பேச்சும் பாப்பாவின் உடம்பும் மூளையும் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் எப்போதோ டயப்பரை விடத் தயாராகிறார்கள். இரவில் நனைக்காமல் தூங்குவது இன்னும் தள்ளிப்போகும். வந்தால் சொல்லத் தெரிகிறதா, தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஈரமில்லாமல் இருக்கிறாளா, ஜட்டியைத் தானே இறக்கப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். இதெல்லாம் இருந்தால் ஆரம்பிக்கலாம், இல்லையென்றால் இன்னொரு பாக்கெட் டயப்பர் வாங்கலாம். ஆங்கிலத்தை விடுங்கள். "அப்பா வா", "பால் வேணாம்" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறாளா என்பதுதான் இந்த வயதில் பார்க்க வேண்டியது. பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பேசுகிறாள் என்றால் பாட்டியோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும்.

போன் விஷயம் அப்படியல்ல, அது பெரியவர்களின் பழக்கம். இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. மூன்று வேளையும் போன் வைத்து ஊட்டினால் சாப்பாட்டிலேயே அது தாண்டிவிடும். ஆனால் மதியம் ஊட்டுபவர் முட்டிவலிக்காரப் பாட்டி என்றால், அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? பாப்பா சாப்பிடவில்லை என்ற பேச்சு உங்கள் மனைவி மேல்தான் விழும். நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு வேளையில் மட்டும் தொடங்குங்கள். உங்கள் போனும் வேறு அறையில் இருக்க வேண்டும். நாலு வாய் குறைந்தால் குறையட்டும்.

நடையை அடித்துவிடுங்கள். இந்த வயதுக் குழந்தையோடு தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பத்தடிக்கு ஒரு கிளிஞ்சல், ஒரு நாய்க்குட்டி, ஒரு பஞ்சுமிட்டாய்க்காரர். வாரம் ஒருமுறை வெளியே போவது தோன்றும்போது நடக்கட்டும். எங்கள் பாண்டிச்சேரிக்கு வருவதானால் சனி, ஞாயிறு வேண்டாம். வேலை நாளில் வாருங்கள். பீச் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை, கையை உதறிக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு அது தோது. பாறைப் பக்கம் மட்டும் கண் இருக்கட்டும்.

பணத்துக்கு வருவோம். மாதம் பதினைந்தாயிரம் என்பது மனை விலையிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு போலிருக்கிறது. உங்கள் வீட்டுச் செலவிலிருந்து வந்த தொகையாகத் தெரியவில்லை. காய்ச்சலும் கல்யாணமும் எதிர்பாராதவை அல்ல, வருஷா வருஷம் வரும். அதைவிடப் பெரியது மழை. தானே புயல் 2011 டிசம்பர் 30. அடுத்து 2015 நவம்பர் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்து, தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. இதெல்லாம் எனக்குமுன் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி இருக்கும் ஊர்க்காரர் எழுதுகிற பட்டியலை எழுதியிருக்கிறீர்கள்!

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எந்தப் புது வேலையையும் தொடங்காதீர்கள். துணி காயாது, கரண்ட் போகும், பாப்பாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். புரட்டாசி முடியும்வரை சேரும் பணம் மனைக்கு அல்ல. இரண்டு மாத வீட்டுச் செலவு, நினைத்தால் எடுக்கிற மாதிரி சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். மழைக்குமுன் ஒரு மாதத்துக்குத்தான் சேர்ந்தது என்றாலும் சரி. தையிலிருந்து மனைக்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். ஆறாயிரமோ எட்டாயிரமோ, சம்பளம் விழுந்த மறுநாள் தானாகப் பிடிக்கும்படி. கூடவே பாப்பா பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், உச்சவரம்பு ஒன்றரை லட்சம். 2024 தொடக்கத்தில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. வட்டியைப் பார்த்து மனைப் பணத்தை அதில் போட்டுவிடாதீர்கள். பாப்பா பத்தாம் வகுப்பு முடிக்க வேண்டும், அல்லது 18 வயதாக வேண்டும். அப்போதும் படிப்புக்காகப் பாதிதான் எடுக்கலாம்.

இனி ஏழாவது வரி. "முடிந்தால்" என்று நீங்கள் எழுதியிருப்பது அது ஒன்றுக்கு மட்டும். டயப்பர், சாப்பாடு, ஆங்கிலம் எல்லாவற்றையும் பகலில் இழுப்பது உங்கள் மனைவி. அவருக்கென்று இருக்கும் ஒரே வரி, மற்றதெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில் நடக்க வேண்டியது. இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் நேரம் எங்கே மிஞ்சும்? எரிச்சலுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அவரைக் கேட்காமல் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். பி.எட். படித்தவர் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதாமல் குரூப் 4 எழுத வேண்டும் என்று முடிவு செய்தது யார்? அவரே என்றால் சரி.

அப்படியானால் இப்போதைக்கு உங்கள் குடும்பத்துக்கு அது ஒன்றே இலக்காக இருக்கட்டும். குரூப் 4 ஒரே தாள், மூன்று மணி நேரம். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைகள் கணக்கிலேயே வராது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்கள்தான் அடித்தளம், ஆசிரியராக இருந்தவருக்கு அவை புதிதல்ல. ஆனாலும் லட்சக்கணக்கில் ஆட்கள் எழுதும் தேர்வு, மேலோட்டமாகப் புரட்டினால் போதாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் உண்டு, இலவசமாகவே வகுப்பும் மாதிரித் தேர்வும் நடத்துவார்கள். போய் விசாரியுங்கள்.

நேரத்துக்கு என்ன வழி? "தினமும் இரண்டு மணி நேரம்" என்று மறுபடி எழுதிவிடாதீர்கள். ஷிப்ட்காரர் வீட்டில் தினமும் என்ற கணக்கு நிற்காது. ஷிப்டை வைத்துப் போடுங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் நாலரையிலிருந்து ஆறரை வரை பாப்பா உங்கள் பொறுப்பு. வெள்ளி கடற்கரைக்கோ தெருமுனைக்கோ தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், வீட்டுக்குள் இருந்தால் தன் அம்மா படிக்கும் அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். மதிய ஷிப்ட் வாரத்தில் காலை எட்டிலிருந்து பத்து. நைட் ஷிப்ட் வாரத்தில் ஒன்றும் வேண்டாம், நீங்கள் தூங்குங்கள். பாப்பா மதியம் உறங்கும்போது அவர் ஒரு பழைய கேள்வித்தாளைப் பார்த்தால் லாபம், அவரும் உறங்கிவிட்டால் அதுவும் லாபம். உங்கள் வார விடுமுறை எந்த நாளோ, அன்று மூன்று மணி நேரம் அவர் நூலகத்திலோ தோழி வீட்டிலோ. மூன்று வாரச் சுற்றில் முப்பது மணி நேரம் தேறும். காய்ச்சல் வந்து ஒரு வாரம் போனால் போனதுதான், அடுத்த சுற்றில் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

பக்கத்து அங்கன்வாடியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அது வசதி இல்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. 1975-இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்குமானது. இடம் சுத்தமாக இருந்து, டீச்சரும் பிடித்துப்போனால், காலையில் சில மணி நேரம் கிடைக்கும், உங்கள் அம்மாவின் முட்டிக்கும் ஓய்வு.

இதில் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் பாப்பா அழுதால் மனைவியைக் கூப்பிடக் கூடாது. முதல் வாரம் நன்றாகவே அழுவாள். "பிள்ளையை அழவிட்டுட்டு அப்படி என்ன படிப்பு?" என்று உங்கள் அம்மா கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவில் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். முதல் பிரசவம் எப்படி இருந்தது என்பதை வைத்து மருத்துவர் வேறு ஏதாவது சொல்லக்கூடும். ஆனால் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அம்மா என்ன நினைக்கிறார் என்பது கடிதத்தில் இருக்கிறது, நீங்கள் தயங்குவதும் தெரிகிறது. மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவரிடம் கேளுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா