பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தவங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க தெருல பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரங்கதான். பக்கத்து வீட்டு ஓனர் வீட்டை ரூம் ரூமா தடுத்து எட்டு பசங்களுக்கு விட்டுட்டு அவர் வேற ஏரியாவுக்குப் போயிட்டார். ராத்திரி ஒரு மணிக்கு கேட் சத்தம், எங்க வாசல்ல அவங்க பைக். ஒரு வீட்ல இத்தனை பேர்தான் இருக்கணும்னு உள்ளாட்சி சட்டம் போட முடியாதா?

பதில்: போடலாம், போட்டும் இருக்காங்க. ஆனா எதை எண்ணி சட்டம் போடுறாங்கன்னு பாக்கணும். நியூயார்க் மாநிலத்துல பெல் டெர்னு ஒரு சின்ன கிராமம், ரத்த உறவோ கல்யாண உறவோ இல்லாதவங்க ஒரு வீட்ல ரெண்டு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி வச்சிருந்தாங்க, அங்க ஆறு காலேஜ் பசங்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கப் போய் ஓனருக்கு நோட்டீஸ் வந்து கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1974ல கிராமம் ஜெயிச்சது. உங்களுக்கு சந்தோஷமா இருக்கும், ஆனா அடுத்த கேஸையும் கேளுங்க. ஒஹாயோ மாநிலம் ஈஸ்ட் கிளீவ்லாந்துல ஐனெஸ் மூர்னு ஒரு பாட்டி, தன் மகனோடயும் ரெண்டு பேரன்களோடயும் இருந்தாங்க. பேரன்க ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க இல்ல, கஸின்ஸ். அந்த ஊர் விதிப்படி அப்படி இருந்தா அது ஒரே குடும்பம் ஆகாதாம், அதனால ஒரு பேரன் சட்டவிரோதமா குடியிருக்கான்னு சொல்லி பாட்டிக்கு 5 நாள் ஜெயில், 25 டாலர் அபராதம்! 1977ல சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து பண்ணுச்சு, அதுவும் 5க்கு 4ன்னு மயிரிழையில.

யாரு யாருக்கு சொந்தம்னு ஆபீசர் வந்து எண்ண ஆரம்பிச்சா இங்கதான் வந்து நிக்கும். அதுக்கு இங்கிலாந்து வழி எவ்வளவோ தேவலை. ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேர் அல்லது அதுக்கு மேல ஒரு வீட்ல கிச்சன் பாத்ரூம் ஷேர் பண்ணிட்டு இருந்தா ஓனர் கவுன்சில்கிட்ட (நம்ம நகராட்சி மாதிரி) லைசென்ஸ் வாங்கணும், 2018 அக்டோபர்ல இருந்து பெரியவங்க ஒருத்தர் தூங்குற ரூம் 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, ரெண்டு பேர்னா 10.22. சும்மா பலகை வச்சு தடுத்ததெல்லாம் டேப் எடுத்து அளந்தா மாட்டிக்கும்.

உங்க மனுல "பசங்க தங்கியிருக்காங்க"ன்னு எழுதாதீங்க, அது குத்தமே இல்ல. எந்த தேதி, எத்தனை மணிக்கு சத்தம், வாசலை மறிச்ச பைக் போட்டோ, ரூம் தடுத்ததுக்கு கட்டட அனுமதி இருக்கான்னு ஒரு கேள்வி, இவ்வளவு போதும். அதுக்கு முன்னாடி அந்தப் பசங்ககிட்ட ஒரு தடவை நேர்ல பேசுனீங்களா?

கேள்வி: நான் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு விட்டிருக்கேன் சார். லைசென்ஸ், இன்ஸ்பெக்‌ஷன்னு வந்தா நினைச்ச நேரத்துல உள்ள பூந்துடுவாங்களே?

பதில்: உங்க பயம் நியாயம்தான். சான் பிரான்சிஸ்கோவுல குடியிருந்த ஒருத்தர் வாரண்ட் இல்லாம உள்ள விட மாட்டேன்னு இன்ஸ்பெக்டரை திருப்பி அனுப்பிட்டார், 1967ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அவர் பக்கம்தான் நின்னுச்சு. ஆனா கதவைத் திறக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது முதல்ல அங்க குடியிருக்கறவங்க, அப்புறம்தான் நீங்க. சொல்லாம கொள்ளாம சாவியைப் போட்டு உள்ள போற ஓனர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கேள்வி: நாங்க வாடகைக்கு இருக்கோம். சுவர் ஓதம் அடிக்குது, ஸ்விட்ச் போர்டுல ஷாக் அடிக்குது. புகார் குடுத்தா காலி பண்ணச் சொல்லுவேன்னு வீட்டுக்காரர் அப்பப்போ ஜாடையா சொல்றார்.

பதில்: புகார் வந்தாதான் போய் பார்ப்போம்னு ஒரு ஆபீஸ் உக்காந்திருந்தா ரொம்ப மோசமான வீட்ல இருந்துதான் புகாரே வராது, ஏன்னா அங்க இருக்கறவங்களுக்கு வேற போக்கிடம் இருக்காது. அதனாலதான் புகாருக்குக் காத்திருக்காம வரிசையா எல்லா வாடகை வீட்டையும் சோதிக்கற முறை வந்துச்சு. அமெரிக்காவுல ராச்செஸ்டர் நகரம் 2005ல சட்டம் போட்டு பழைய வாடகை வீட்டு பெயிண்ட்ல விஷமான ஈயம் (லெட்) இருக்கான்னு தானாவே பார்க்க ஆரம்பிச்சது, குழந்தை ரத்தத்துல ஈயம் ஏறினப்புறம் ஓடுறதைவிட இது மேல்.

இதுக்கு நேர் எதிரா சில ஊர்ல அடிக்கடி போலீஸ் வர்ற வீடுன்னா ஓனர் மேல நடவடிக்கைன்னு விதி, அதுல ஓனர் சுலபமா குடியிருக்கறவங்களை வெளிய அனுப்பிடுவார். பென்சில்வேனியாவுல நாரிஸ்டவுன்ல வீட்ல அடி வாங்குன பொண்ணே போலீஸைக் கூப்பிட பயப்படுற நிலைமை வந்து, கேஸ் போட்டப்புறம் 2014ல நகராட்சி சமாதானத்துக்கு வந்துச்சு. நீங்க ஷாக் அடிக்கற போர்டை இன்னைக்கே போட்டோ எடுத்து ஓனருக்கு எழுத்துல அனுப்புங்க, வாய்ல சொன்னது பின்னாடி நிக்காது. புகார் குடுத்த கையோட காலி நோட்டீஸ் வந்தா எது முதல்ல வந்துச்சுன்னு அந்த தேதி காட்டிக் குடுத்துடும்.

கேள்வி: டூரிஸ்ட்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடுறது பத்தி என்ன சொல்றீங்க சார்?

பதில்: இதுல நான் கறார். நியூயார்க் நகரத்துல 2023 செப்டம்பர்ல இருந்து 30 நாளுக்குக் கீழ விடணும்னா நகரத்துல பதிவு பண்ணி, ஓனரும் கூடவே அந்த வீட்ல இருக்கணும், விருந்தாளி ரெண்டு பேருக்கு மேல கூடாது. பார்சிலோனா மேயர் 2028 நவம்பருக்குள்ள 10,101 சுற்றுலா அபார்ட்மெண்ட் லைசென்ஸையும் புதுப்பிக்காம விடப்போறதா 2024ல அறிவிச்சிட்டார். உங்க தெருல இப்படி ஒரு வீடுன்னா பரவாயில்ல, நாலு வீடானா உடனே மனு போடுங்க.