வாசகர் கேள்வி பதில்: ‘நான்’னு ஒண்ணு இருக்கா?

கே: ஐயா, எங்க ஊர்ல ஒரு சொற்பொழிவுல புத்தர் சொன்னதும் வேதாந்தம் சொன்னதும் கடைசியில ஒண்ணுதான்னு பேசுனாங்க. புத்தர் ஆத்மாவே இல்லைன்னுதானே சொன்னாரு, அப்புறம் எப்படி ஒண்ணாகும்?
- ஒரு வாசகி, பாலக்கோடு

ப: ஒண்ணு கிடையாதும்மா. இந்த ஒரு விஷயத்துக்காக நம்ம நாட்டுல ஆயிரம் வருஷத்துக்கு மேல வாதம் பண்ணியிருக்காங்க, அந்த உழைப்பை மதிக்கணும்னா வித்தியாசத்தைத்தான் முதல்ல பாக்கணும்.

புத்தர் சாரநாத்துல அஞ்சு துறவிங்களுக்குச் சொன்ன ரெண்டாவது உபதேசமே இதுதான். உடம்பு, நுகர்ச்சி (சுகம், துக்கம்னு அனுபவிக்கறது), குறிப்பு (இது இன்னதுன்னு அடையாளம் காணறது), மனசோட செய்கைகள், உணர்வு (அறியற அறிவு), இந்த அஞ்சையும் ஒவ்வொண்ணா எடுத்து, இது நீயா இருந்தா நீ சொன்னபடி கேக்கணுமே, ‘என் உடம்பு இப்படி இருக்கட்டும்’னா இருக்கணுமே, இருக்குதான்னு கேக்கறாரு. முட்டி வலியோட மாடிப்படி ஏறுற யாருக்கும் இது டக்குனு புரியும். ஆனா ‘நீ இல்லவே இல்லை’ன்னு அவர் சொல்லல. வச்சகோத்தர்னு ஒருத்தர் வந்து ஆத்மா இருக்கா, இல்லையான்னு நேராவே கேட்டப்போ ரெண்டுக்கும் பேசாம இருந்துட்டாரு. அவர் போனப்புறம் தன் சீடர் ஆனந்தர்கிட்ட, இல்லைன்னு சொன்னா ஏற்கனவே குழம்பியிருக்கறவர் ‘முன்னாடி இருந்த ஆத்மா இப்ப போயிடுச்சா’ன்னு இன்னும் குழம்புவாருன்னாரு.

வேதாந்தத்துல ஒரு பிரிவான அத்வைதமும் உடம்பு நானில்லை, மனசு நானில்லைன்னுதான் போகுது, ஆனா கடைசியில மிஞ்சற சாட்சி உணர்வுதான் பிரம்மம்ங்குது. புத்தர் அந்த உணர்வையும் அஞ்சுல ஒண்ணா வச்சுட்டாரு, கண்ணும் உருவமும் சேர்ந்தாத்தான் பார்வைங்கிற உணர்வே வரும், அதுவும் காரணத்தால வந்து போறதுதான்னாரு. பிரியற இடம் இதுதாம்மா.

சைவ சித்தாந்தம் சொன்ன நம்ம மெய்கண்டார் வேற பக்கம் நிக்கறாரு. அவரோட சிவஞான போதம் மூணாவது சூத்திரம் ‘உளதிலது என்றலின் எனதுடல் என்றலின்’னு ஆரம்பிக்கும். இது இல்லை அது இல்லைன்னு தள்ளிக்கிட்டே வந்தா தள்ளுறது யாரு, ‘என் உடம்பு’ன்னா அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் யாரு, அதுதான் உயிர்ங்கறாரு. எனக்குத் தெரிஞ்சு பௌத்தத்தைப் பாத்துக் கேட்ட கேள்விகள்ல இதுதான் ரொம்பக் கூர்மை. தள்ளுறதும் ஒரு எண்ணம்தான், அதுவும் நிக்காதுன்னு பௌத்தர் பதில் சொல்லுவாங்க, எனக்கு அதுலயும் நியாயம் தெரியுது.

சமணம் ஒவ்வொரு உயிரும் தனித்தனி, அழியாததுங்குது. நம்ம தகடூர்லயே (இப்போ தர்மபுரி) நுளம்ப ராஜாக்கள் காலத்துல சமணப் பள்ளி இருந்ததுக்குக் கல்வெட்டு இருக்கு, இதெல்லாம் எங்கயோ நடந்த பேச்சு இல்ல.

கே: ஆத்மா இல்லைன்னா மறுபிறவி யாருக்கு சார்?
- ஒரு வாசகர், ஓசூர்

ப: இதையே மிலிந்தர்னு ஒரு கிரேக்க ராஜா நாகசேனர்கிட்ட கேட்டிருக்காரு. ராத்திரி பூரா எரியற விளக்குல முதல் ஜாமத்துச் சுடரும் கடைசி ஜாமத்துச் சுடரும் ஒண்ணா, வேறயான்னு நாகசேனர் திருப்பிக் கேட்டாரு. அதே சுடர்னும் சொல்ல முடியாது, சம்பந்தமில்லாததுன்னும் சொல்ல முடியாது. தொடர்ச்சி இருக்கு, தாண்டிப் போற ஆள் கிடையாது.

கே: எதுல இருந்து படிக்கலாம்?
- கல்லூரி மாணவர், போச்சம்பள்ளி

ப: மணிமேகலை 27வது காதை எடுங்க தம்பி. வஞ்சியில அந்தப் பொண்ணு வைதிகர், ஆசீவகர், நிகண்டர் (சமணர்), சாங்கியர்னு ஒவ்வொரு சமயத்துக்காரர்கிட்டயும் போய் உங்க கொள்கை என்னன்னு பொறுமையா கேக்கும். அப்புறம் 30வது காதை, பேதைமைல ஆரம்பிச்சு வினைப்பயன் வரைக்கும் 12 நிதானமும் (ஒண்ணுல இருந்து ஒண்ணு வர்ற காரணச் சங்கிலி) தமிழ்லயே இருக்கு. அது முடிஞ்சதும் நீலகேசி படிங்க, பௌத்தரை எதிர்த்துச் சமணர் எழுதுனது. உரையோட இருக்கற பதிப்பா வாங்குங்க, மூலம் மட்டும்னா கஷ்டம்.