வீட்டை அடகு வைத்து டாக்டராக்க வேண்டாம், பிள்ளை ஆர்.என்.ஏ. படிக்கட்டும்

அம்மா, மலேசியாவில் பினாங்கின் பிறை நகரிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த மகள், ஆர்.என்.ஏ. (செல்லுக்குள் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் பிரதி) ஆராய்ச்சிதான் செய்வேன் என்கிறாள். உங்கள் அண்ணனோ, "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டராவது வேண்டாமா" என்று தனியார் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். வீட்டுக்காரரின் சேமநிதிப் பணம், அது போதாவிட்டால் வீட்டின் மேல் கடன் என்று கணக்கும் போட்டாகிவிட்டது. ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பலாம். அதனால் உங்களுக்கு ஒரு காசு பயன் இல்லை. நேராகவே சொல்கிறேன்: அந்த விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள்.

முதலில் பணம். தனியார் கல்லூரியில் ஐந்தாண்டு மருத்துவப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே பெரும்பாலும் மூன்று லட்சம் வெள்ளியைத் தாண்டும். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் தனி. சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் மேற்படிப்புக்குப் பணம் எடுக்க அனுமதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஓய்வுக்கு இன்னும் சில வருடங்களே இருக்கும் மனிதர் அதைத் துடைத்து எடுத்துவிட்டு, வீட்டையும் அடகு வைத்தால், அறுபது வயதில் அவர் எதை வைத்துச் சாப்பிடுவார்? கடனை அண்ணன் கட்டுவாரா? இதை அவரிடமே கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

டாக்டர் என்றால் நிரந்தர அரசு வேலை என்பதும் பழைய கதை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்தத்தில்தான் பணிக்குச் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனை வாசலில் நின்றதை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனாலும் மூன்று லட்சம் வெள்ளி கடன் வாங்கும் அளவுக்கு இதில் உத்தரவாதம் இல்லை.

பார்மசி, பல் மருத்துவம், பொறியியல் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லித்தர உங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவே போதும்.

உங்கள் மகளின் ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? குரல்பதிவின் நடுவில் நீங்களே போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். நான்காம் படிவத்தில் பள்ளியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு இருப்பதாக வந்தது. நீங்கள் பயந்தீர்கள். அவள் ஏன் என்று தேட ஆரம்பித்தாள். அந்தத் தேடல் அவளை ஆர்.என்.ஏ.வில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அது சரியான இடமும்கூட. எப்படி என்று சொல்கிறேன், அண்ணனிடம் விளக்க உதவும்.

மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. பிரதியை உடல் அப்படியே பயன்படுத்துவதில்லை. தேவையான பகுதிகளுக்கு நடுவே தேவையில்லாத நீளமான துண்டுகள் இருக்கும். அவற்றை வெட்டி எறிந்து மீதியை ஒட்டினால்தான் புரதம் உருவாகும். பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் 1977-இல் இதைக் கண்டுபிடித்தன. 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வெட்டும் இடத்தைச் செல் எப்படி அடையாளம் காண்கிறது? அந்தக் கேள்விக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் ஜோன் ஸ்டைட்ஸ்.

இவருடைய கதையை உங்கள் அண்ணன் அவசியம் கேட்க வேண்டும். 1963-இல் இந்தப் பெண்ணுக்கு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பெண் விஞ்ஞானிகளை அவர் அதிகம் பார்த்ததில்லை, பெண் டாக்டர்களைப் பார்த்திருந்தார். அதனால்தான் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தார். அந்தக் கோடையில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்தார். மருத்துவக் கல்லூரியை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தார். முதலில் அணுகிய பேராசிரியர், கல்யாணம் ஆகிக் குழந்தை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளவில்லை. (அமெரிக்காவிலும் நம் பெரியம்மாக்கள் இருந்திருக்கிறார்கள்.) பிறகு ஜேம்ஸ் வாட்சனின் ஆய்வகத்தில் சேர்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

யேல் பல்கலைக்கழகத்தில் அவரும் மாணவர் மைக்கேல் லெர்னரும் லூபஸ் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களை (எதிரியைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதங்களை) எடுத்தார்கள். அந்த நோயில் உடல் தன் செல்களையே எதிரியாக நினைத்துத் தாக்கும். அந்த எதிர்ப்பொருள்கள் செல்லுக்குள் எதைப் பிடிக்கின்றன என்று பார்த்தபோது, சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.க்களும் புரதங்களும் சேர்ந்த துகள்கள் சிக்கின. அவற்றில் யூ1 என்ற ஆர்.என்.ஏ.வின் நுனி, வெட்டப்பட வேண்டிய இடத்தின் வேதி எழுத்துகளோடு ஜோடி சேரும்படி இருந்தது. வெட்டி ஒட்டும் வேலையில் இந்தத் துகள்களுக்குப் பங்கு இருக்கலாம் என்று 1980-இல் எழுதினார்கள். அது சரியாகவே இருந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியா பிழை, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில், வெட்டி எறியப்பட வேண்டிய முதல் துண்டின் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது. ஓர் எழுத்து மாறியதால் யூ1 சரியாகப் பிடிக்க முடியாமல் வெட்டு தவறிப்போகிறது. உங்கள் மகளுக்கு இருப்பது இதே பிழைதானா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும். ஆனால் அவள் கேட்ட கேள்வியும் ஸ்டைட்ஸ் தேடிய பதிலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

கதை அங்கேயும் நிற்கவில்லை. ஏட்ரியன் கிரெய்னர் மாணவராக இருந்தபோது, 1984-இல், இதே பீட்டா குளோபின் ஆர்.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் வெட்டி ஒட்ட வைத்த குழுவில் இருந்தார். பிற்பாடு கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயை எடுத்துக்கொண்டார். அந்த நோயுள்ள குழந்தைகளிடம் ஒரு மரபணு வேலை செய்யாது. அதற்கு இணையான இன்னொன்று இருந்தும், அதன் ஆர்.என்.ஏ.வை ஒட்டும்போது ஏழாவது பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அது விடுபடாமல் தடுக்கும் சிறிய செயற்கை இழையை அவருடைய குழுவும் ஒரு மருந்து நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. நுசினெர்சன் என்ற அந்த மருந்துக்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிரெய்னர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல, உயிர்வேதியியல்காரர். ஓர் ஆய்வின் தாக்கத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிச் சொல்வார்கள். நான் இந்தக் குழந்தைகளைத்தான் காட்டுவேன்.

சரி, வழி என்ன? அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் இவற்றில் கிடைப்பதை முன்னால் போடட்டும். கெலுகோரில் யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உங்கள் வீட்டிலிருந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் யூ.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) இருக்கின்றன. அரசுப் பல்கலைக்கழக அறிவியல் பட்டத்துக்கான கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும், லட்சத்துக்குப் போகாது. முதலாண்டிலிருந்தே புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலும் கற்றுக்கொள்ள வேண்டும், ஆர்.என்.ஏ. ஆய்வில் இன்று பாதி வேலை கணினித் திரையில்தான் நடக்கிறது. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தைத் தோழிகள் எடுக்கிறார்கள் என்று எடுக்காமல், எந்த ஆய்வகத்தில் மாணவர்கள் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

அப்புறம் முனைவர் பட்டம். இங்கே நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: கையிலிருந்து காசு கட்டிப் படிக்கக் கூடாது. நல்ல ஆய்வுப் படிப்பில் மாணவருக்குத்தான் பணம் கொடுப்பார்கள். சிங்கப்பூரின் சிங்கா உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்கானது. முழுக் கட்டணத்தோடு நான்காண்டு வரை மாதச் செலவுக்கும் பணம் தருகிறது. ஆர்.என்.ஏ. உயிரியலில் அங்கே வலுவான ஆய்வகங்கள் இருக்கின்றன. பட்டர்வொர்த்தில் இரவு பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேரும் தூரம். ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், தைவானில் அகாடமியா சினிகாவின் பன்னாட்டு முனைவர் திட்டம், இரண்டும் ஆங்கிலத்தில் நடக்கின்றன, இரண்டிலும் உதவித்தொகை உண்டு. பிள்ளைகளைக் கேட்டால் லண்டன், ஆஸ்திரேலியா என்கிறார்கள். இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

இனிப்பாக மட்டும் பேச மாட்டேன். முனைவர் பட்டம் முடியும்போது அவளுக்கு இருபத்தெட்டு, முப்பது வயதாகியிருக்கும். அதன்பின் சில வருடங்கள் குறுகிய ஒப்பந்த வேலைகள்தான். நம் நாட்டில் இத்துறை ஆய்வகங்கள் குறைவு, வெளியே போக வேண்டிவரும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பட்டத்தோடு நிறுத்தி, நோயறிதல் ஆய்வகத்திலோ பாயான் லெப்பாஸ் மருத்துவக் கருவி நிறுவனத்திலோ சேரலாம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் கடன் இருக்காது. டைபாய்டைச் சீக்கிரம் கண்டறியும் டைஃபிடாட் சோதனை யூ.எஸ்.எம்.-இல் பிறந்ததுதான். அப்படிப்பட்ட வேலை இங்கேயும் நடக்கிறது.

முடிவு வரும்வரை மகள் சும்மா இருக்க வேண்டாம். பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, சம்பளமில்லாவிட்டாலும் சில வாரம் ஆய்வகத்தில் உதவியாக இருக்க அனுமதி கேட்கட்டும். மின்னஞ்சலை அவளே எழுத வேண்டும், நீங்கள் எழுதாதீர்கள். ஒரே சோதனையை நாலாவது முறை செய்து அதுவும் சரியாக வராதபோது என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். எரிச்சலோடாவது மறுநாள் போகிறாள் என்றால் அவளுக்கு இது ஒத்துவரும். "எனக்கு நோயாளிகளோடு பேசி வைத்தியம் பார்ப்பதுதான் பிடிக்கிறது" என்று அவளே சொன்னால், யூ.பி.யூ. வழியாக அரசு மருத்துவ இடத்துக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் சந்தோஷமாகச் சேரட்டும். கிடைக்காவிட்டாலும் தனியார் கல்லூரிக்காக வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.